கேள்வியும் துப்பாக்கியும்

இளைஞர் சிலர் பொலிஸ் நிலையமொன்றைத் தாக்கினர், அல்லது உடலிற் குண்டைக் கட்டிக்கொண்டு பிறர் உயிரோடு தம் உயிரையும் மாய்த்தனர் என்ற செய்தி எட்டிய மறுகணமே நமது சமுதாயத்தில் இரண்டு விளக்கங்கள் எழுந்துவிடும். அவர்கள் புத்தி பேதலித்தவர்கள், பிறவிக் கொடியவர்கள் என்பது ஒன்று. எங்கோ இருக்கும் அன்னிய சக்தி அவர்களை மயக்கிக் கருவியாக்கிவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் வெகு வசதியானவை. இவற்றுள் ஏதாவதொன்றை ஏற்றுக்கொண்டால் பெற்றோரும் ஆசிரியரும் அரசியல்வாதியும் மதகுருவும் நிம்மதியாக உறங்கலாம். நமக்கு அந்த வசதி வாய்க்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் தமிழும் வரலாறும் கற்பித்த நாம், அப்படிப் போன பிள்ளைகள் பலரின் கையெழுத்தை அறிவோம். யார் நன்றாகக் கட்டுரை எழுதினான், யார் பகலுணவின்றி வந்தான் என்பதையும் அறிவோம். அவர்களைப் பைத்தியக்காரர் என்று நம்மாற் சொல்ல இயலாது.

‘தீவிரவாதி’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1907இல் சூரத்தில் இந்தியக் காங்கிரஸ் பிளவுண்டபோது திலகரின் பக்கம் நின்றோரைத் தீவிரவாதிகள் என்றனர். பாரதியாரும் அவர்களுள் ஒருவர். அந்நாளில் அது பெருமைக்குரிய அடைமொழி. நிலவும் அநீதியை வேரோடு மாற்ற விழையும் இளைஞனை நாம் குறை கூறோம். அத்தகைய விழைவே இல்லாத இளமை ஒரு நாட்டுக்கு நட்டமாகும். நாம் இங்கே ஆராய முற்படுவது, கொலையைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு பிள்ளை முடிவு செய்யும் அந்தக் கட்டத்தையும், அதற்கு முந்திய மாதங்களையும், அம்மாதங்களில் அவனைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையுமே.

1971 ஏப்ரலில் நாம் ஏழாம் வகுப்பு மாணவர். ஊரடங்குச் சட்டம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். யாழ்ப்பாணத்தில் எமது வீட்டு விறாந்தையில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்திருந்த பெரியவர்கள், இது தெற்கிலே சிங்களப் பெடியள் தங்கள் அரசாங்கத்தோடு படுகிற சண்டை, நமக்கு இதில் என்ன என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஏப்ரல் 5ஆம் திகதி இரவும் அதனைத் தொடர்ந்த நாட்களிலும் மக்கள் விடுதலை முன்னணியைச் சேர்ந்த இளைஞர்கள் நாடெங்கும் ஏறத்தாழ 90 பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். அவர்களுட் பலரிடம் இருந்தவை வேட்டைத் துப்பாக்கிகளும் கையாற் செய்த குண்டுகளுமே. சில வாரங்களில் எல்லாம் அடங்கிற்று. இறந்தோர் ஏறத்தாழ 1,200 பேர் என்றது அரசாங்கம். பல ஆயிரம் என்றனர் மற்றோர். பதினையாயிரத்துக்கு மேற்பட்டோர் தடுத்து வைக்கப்பட்டனர். கதிர்காமத்தில் பிரேமவதி மனம்பேரி என்ற இளம்பெண்ணை இராணுவத்தினர் வதைத்துக் கொன்றதும் அந்த ஏப்ரலிலேதான்.

யார் இவர்கள்? பிடிபட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சந்தேகநபர்களைப் பற்றிய விபரங்களை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். ஆராய்ச்சி காட்டிய முகம் காடையனின் முகமன்று. இருபது வயதை அண்டிய, கிராமத்தில் பிறந்த, சிங்கள மொழியிற் படித்த, பாடசாலையில் நெடுங்காலம் இருந்து பரீட்சைகளுக்குத் தோற்றிய பிள்ளையின் முகம் அது. அதாவது, அவர்கள் கல்வியினால் கைவிடப்பட்டவர்களல்லர். கல்வி கைப்பிடித்து ஒரு வாசல்வரை அழைத்துச் சென்று, அங்கே நிறுத்திவிட்டுப் போய்விட்ட பிள்ளைகள்.

இலவசக் கல்வி 1945இல் இந்நாட்டுக்குக் கிடைத்த பெரும் பேறு. அதனை மறுப்பவனோடு நமக்குப் பேச்சில்லை. உழவனின் மகனும் தொழிலாளியின் மகளும் பல்கலைக்கழகம் வரை செல்லலாம் என்று அது சொல்லிற்று. ஆனால் பொருளாதாரமோ வெள்ளையன் விட்டுப்போன அதே தேயிலைப் பொருளாதாரமாகவே கிடந்தது. சுயபாஷையில் பட்டம் பெற்று வந்தவனை எதிர்கொண்டது கொழும்பிலே ஆங்கிலம் பேசும் ஒரு சிறு கூட்டம். கிளர்ச்சி அடக்கப்பட்ட ஆண்டிலேயே பொருளியலாளர் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேசத் தொழில் தாபனத்தின் குழுவொன்று இலங்கைக்கு வந்து, பாடசாலை வளர்த்துவிட்ட எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைகளுக்கும் பொருத்தமே இல்லை என்று அறிக்கை எழுதியது. பெரும் உண்மைதான். எனினும் அவ்வறிக்கையைப் படிப்பவருக்கு, பிள்ளைகள் கொஞ்சம் குறைவாக ஆசைப்பட்டிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்ற எண்ணமும் தோன்றக்கூடும். அந்த எண்ணத்தோடு நாம் உடன்படோம்.

1987இல் தொடங்கி 1989இன் இறுதிவரை தெற்கிலே இரண்டாவது கிளர்ச்சி நடந்து, பல்லாயிரவர் இருபுறத்தாலும் மாண்டனர். அதன் சூடு ஆறுமுன் அரசாங்கம் நியமித்த இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு 1990இல் அறிக்கை சமர்ப்பித்தது. இந்நாட்டில் வெளிவந்த ஆணைக்குழு அறிக்கைகளுள் ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது அதுவே என்பது நமது கருத்து. சிங்கள இளைஞர் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தனர். ‘கடுவ’ என்பர், வாள் என்று பொருள். நேர்முகத் தேர்வில், அலுவலகத்தில், பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் தம்மை வெட்டி வீழ்த்துகின்ற வாள். அரசியல்வாதியின் துண்டுக் கடிதமின்றி ஒரு சிற்றூழியர் வேலைகூடக் கிடையாது என்ற கசப்பும் அவ்வறிக்கையிற் பதிவாகியுள்ளது. பட்டினியால் மட்டும் ஒருவன் துப்பாக்கி தூக்குவதில்லை. தன்னைவிடத் தகுதி குறைந்தவன் ஒரு துண்டுக் கடிதத்தோடு வந்து தன்னைத் தாண்டிச் செல்வதை வரிசையில் நின்று பார்த்தவனின் நெஞ்சில் எரியும் நெருப்பு வேறு வகையானது.

இடதுசாரிகளாகிய நாம் இவ்விடத்தில் ஓர் உண்மையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 1971இல் அமைச்சரவையில் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் வீற்றிருந்தனர். நிதியமைச்சராக இருந்தவர் கலாநிதி என். எம். பெரேரா. முப்பது ஆண்டுகளாகப் புரட்சி பற்றி வகுப்பு நடத்திய கட்சிகள் அவை. கிராமத்து இளைஞன் ஐந்தே வகுப்புகளில் புரட்சியைக் கற்பிப்பதாகச் சொன்ன றோகண விஜேவீரவிடம் ஏன் போனான் என்று அக்கட்சிகள் வெகுகாலம் கேட்கவேயில்லை. அவனைச் சாகசவாதி என்று சொன்னதோடு அமைந்தன. அவ்வைந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் என்ற பெயரில் மலையகத் தொழிலாளரைப் பற்றி இனவாத நஞ்சைக் கக்கியது உண்மை. அதனைக் கண்டித்தது சரி. ஆனால் அவ்வகுப்புகள் நடந்த இடம் எது? தென்னந்தோப்பு, பாழடைந்த வீடு, பன்சலைக்குப் பின்புறம். அங்கே அவனோடு இருந்து பேச ஒருவன் வந்தான். மற்றவர்கள் மேடையிலிருந்து பேசினார்கள்.

1980களின் இறுதியில் மாணவப் பருவத்தில் அவ்வியக்கத்திற் சேர்ந்த ஒருவர் 2024 செப்டெம்பரில் வாக்குச் சீட்டினால் இந்நாட்டின் ஜனாதிபதியானார். அவருடைய ஆட்சியைப் பற்றிப் பேசுவது நமது நோக்கமன்று. அதே வயதில் அதே வகுப்புகளுக்குப் போய், தெருவோரத்தில் டயரோடு எரிக்கப்பட்ட பிள்ளைகளையே நாம் நினைக்கிறோம். வாழ விட்டிருந்தால் அவர்களுள் ஆசிரியர் எத்தனை பேர், தச்சர் எத்தனை பேர், தாம் முன்பு நம்பியதைப் பற்றிச் சிரித்துக்கொள்ளும் பாட்டன்மார் எத்தனை பேர்!

இனி வடக்கிற்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குச் சிங்கள மொழி மூலம் தோற்றிய மாணவனுக்கு 229 புள்ளி போதுமாயிருந்தது. தமிழ் மொழி மூலம் தோற்றியவனுக்கு 250 தேவைப்பட்டது. இவ்விரண்டு எண்களையும் எமது தலைமுறையில் மனப்பாடமாகச் சொல்லாதவர் இலர். எவ்வளவு கூட்டங்கள் போட்டும், எவ்வளவு தீர்மானங்கள் நிறைவேற்றியும் விளங்காத அரசியலை அவ்வெண்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் விளக்கின. 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நிகழ்ச்சியில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டு ஜூன் 5ஆம் திகதி, பொலிஸார் சூழ்ந்தபோது பொ. சிவகுமாரன் நஞ்சருந்தி மாண்டார். அவருக்கு 24 வயது நிரம்பவில்லை.

அந்நாட்களின் மேடைகளை நினைத்தால் இன்றும் நமக்கு வயிறு பற்றுகிறது. இளைஞர்கள் விரலைக் கீறித் தலைவர்களின் நெற்றியில் இரத்தத் திலகம் இட்டனர். தலைவர்கள் நெற்றியைக் காட்டினர். கைதட்டியவர்களுட் பெரும் பகுதியினர் மத்தியதர வர்க்கத்தினர். தம் சொந்தப் புதல்வரை லண்டனுக்கு அனுப்புவதற்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆளும் அரசு ஒரு பக்கத்தால் நெருப்பு மூட்ட, வீரத்தை விலை கூறும் பெரியவர்கள் மறுபக்கத்தால் நெய் ஊற்றினர். சாதி காரணமாகக் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தடுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைக்கோ இன்னொரு கணக்கும் இருந்தது. இயக்கத்திலே அவனுக்குச் சமமான தட்டிற் சோறு போட்டார்கள். இதனை மறந்துவிட்டுப் பேசும் எந்த ஆராய்ச்சியும் அரைகுறையே.

நாம் ஆசிரியராக நியமனம் பெற்றது 1984இல். 1983 ஜூலை இன அழிப்புக் கலவரத்தின் சாம்பல் ஆறவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்னர் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அப்பிள்ளைகள் கண்ணாற் கண்டிருந்தனர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரவு இடாப்பைக் கூப்பிடுகையில் ஒரு பெயருக்கு மறுமொழி வராது. மற்றப் பிள்ளைகள் தலை நிமிரமாட்டார்கள். இரண்டு வாரம் சுழியம் போடுவோம். பின்னர் ஒருநாள் தாய் வந்து அதிபரின் அறைக்கு வெளியே சேலைத் தலைப்பை வாயிற் பொத்திக்கொண்டு நிற்பாள். இடாப்பில் அப்பெயருக்கு மேலாகச் சிவப்பு மையினால் ஒரு கோடு விழும். அவ்வாண்டில் பதினோராம் வகுப்பு இடாப்பில் அத்தகைய கோடுகள் ஏழு. அவ்வெழுவருள் ஒருவன் எமக்கு நன்றாக நினைவிருக்கிறான். பெரிய வாயாடி, வரலாற்றுப் பாடத்தில் ஓயாமல் கேள்வி கேட்பான். மன்னர்களின் போர்களைப் படிக்கிறோமே, அவர்களுக்குச் சோறு போட்டவன் பெயர் ஏன் புத்தகத்தில் இல்லை என்பான். மாசி மாதத்திலிருந்து அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். எல்லாவற்றுக்கும் விடை தெரிந்தவனின் அமைதி அவன் முகத்தில் வந்திருந்தது. வைகாசியில் அவன் பெயருக்கு மேல் கோடு விழுந்தது.

பெடியன் கத்தினால் பயமில்லை, வாயடைத்துப் போனால்தான் பயம் என்று நம்மோடு கற்பித்த மூத்த ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்வார். அவர் உளவியல் கற்றவரல்லர். எனினும் நாம் பிற்காலத்தில் படித்த நூல்கள் அவருடைய கூற்றுக்கு அதிகம் எதனையும் சேர்க்கவில்லை.

ஒன்றைச் சேர்த்தவர் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம். போரிலே சேர்ந்த சிறுவர்களைப் பற்றி 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் அவர் எழுதினார். பிள்ளையைப் பின்னாலிருந்து தள்ளுபவை எவை, முன்னாலிருந்து இழுப்பவை எவை என்று பிரித்துக் காட்டினார். கண்முன்னே தந்தை அடிக்கப்பட்டது, இடம்பெயர்ந்த முகாமின் பசி, சோதனைச் சாவடியில் நாளாந்தம் படும் அவமானம், எதிர்காலமென்று ஒன்று தெரியாமை, இவை தள்ளுகின்றன. சீருடை, வீரர் துயிலும் இடம், தெருவெங்கும் சுவரொட்டி, ஊரார் காட்டும் மரியாதை, இவை இழுக்கின்றன. இவற்றோடு நாம் வகுப்பறையிற் கண்ட ஒன்றையும் கூறலாம். பரீட்சை மண்டபத்திலே பிள்ளைக்கு ஒரு சுட்டெண் மட்டுமே உண்டு. இயக்கம் அவனுக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. அவனே தெரிந்துகொண்ட, அல்லது மாண்டுபோன தோழனொருவனுக்கு உரியதாயிருந்த, புதுப் பெயர். பெயர் கொடுப்பவன் பின்னாற் பிள்ளை போவான்.

பெயர் பெற்றவன் பிறகு கேள்வி கேட்க முடியாது என்பதையும் எமது மண் கண்டது. 1986இல் ஓரியக்கத்துப் பிள்ளைகள் மற்றோரியக்கத்துப் பிள்ளைகளைத் தெருவில் வைத்துச் சுட்டார்கள். இரு பகுதியினரும் அதே பாடசாலைகளின் மாணவர்களே. ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான ராஜனி திராணகம, ஒருகாலத்தில் இயக்கத்துக்கு ஆதரவளித்தவர். பின்னர் அரசு, இந்திய இராணுவம், இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் பதிவு செய்தார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கேள்வி கேட்ட ஆசிரியை அவர்.

வறுமையும் அவமானமுமே காரணம் என்று இதுவரை கூறிவந்ததை 2019 ஏப்ரல் 21ஆம் திகதி ஓரளவு குழப்பிவிடுகிறது. அந்த உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு ஆகிய இடங்களிலுள்ள மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் மூன்று விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். குண்டுதாரிகளுள் இருவர் கொழும்பின் செல்வந்த வாசனைத் திரவிய வர்த்தகர் ஒருவரின் புதல்வர். இன்னொருவர் வெளிநாடுகளில் உயர்கல்வி கற்றவர். இவர்களுக்கு எந்தச் சோதனைச் சாவடி? எந்தத் துண்டுக் கடிதம்? நமது பழைய சூத்திரத்தை வைத்துக்கொண்டு இதற்கு விடை காண இயலாது. அளுத்கமவில் 2014இலும் திகனவில் 2018இலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டதைத் தம் சொந்தக் காயமாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். பிறர் பட்ட அவமானத்தைத் தன் அவமானமாகக் கொள்ளும் இயல்பு இளமைக்கு உண்டு, அதனாலன்றோ புரட்சியாளரும் தோன்றுகின்றனர். ஆனால் அது மட்டும் காரணமாகாது. பணத்தினால் நிரப்ப முடியாத ஏதோவொரு வெறுமைக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒற்றை விடை வைத்திருந்தவன் ஒருவன் நுழைந்தான் என்றே நாம் எண்ணுகிறோம். அவ்வொருவனாகிய சஹ்ரான், இளமையில் தன் மதக் கல்லூரி ஆசிரியரோடு மார்க்க விளக்கங்களில் முரண்பட்டு வெளியேற்றப்பட்டவன் எனப் பதிவாகியுள்ளது. அங்கே வைத்திருந்து வாதாடியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று வாதிக்க நாம் முன்வரவில்லை. அவ்வளவு எளிதன்று மனிதர் சங்கதி.

அவனைப் பற்றி எச்சரித்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் முறையிட்டார்கள், கேட்பதற்கு ஆளில்லை. வெடித்த பின்னரோ எல்லா முஸ்லிம்களும் சந்தேகநபராயினர். ஹசலகவில் ஒரு பெண் கப்பற் சுக்கான் பொறித்த ஆடை அணிந்ததற்காக, அது தர்மச் சக்கரம் என்று கருதப்பட்டுக் கைது செய்யப்பட்டார். புத்தளத்தில் ஆசிரியராக இருந்த இளங்கவிஞர் ஒருவர் ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிடிக்கப்பட்டு, 2021 டிசெம்பரிலேயே பிணையில் வந்தார். 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அந்நூலில் இருந்தன. தமிழறியாதவர்கள் தமிழ்க் கவிதையைப் பயங்கரவாதமென்று வாசித்த கதை இது. 1979இல் தற்காலிகமென்று கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட அச்சட்டம், அது பிறந்த நாளிலிருந்து வன்முறைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்துவந்திருக்கிறது என்பதை வடக்கில் எந்தத் தாயும் சொல்வாள்.

இனி இக்கட்டுரைக்கு மையமான விடயத்துக்கு வருகிறோம். பிள்ளைகளின் போக்கை முதலிற் காண்பவர் ஆசிரியர். ஆகவே சந்தேகத்துக்குரிய பிள்ளையை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் பொறுப்பை ஆசிரியரிடம் ஒப்படைப்போம் என்ற யோசனை பல நாடுகளில் செல்வாக்குப் பெற்றுள்ளது. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் சட்டமொன்று அதனைப் பாடசாலைகளின் கடமையாகவே ஆக்கிற்று. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். இந்நாட்டு ஆசிரியர் ஒருவர் இதற்கு மறுமொழி சொல்லுமுன் எம்பிலிப்பிட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1989ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 1990இன் தொடக்கத்திலும் எம்பிலிப்பிட்டியில் பாடசாலை மாணவர்கள், குறைந்தது 25 பேர், ஒருவர் பின் ஒருவராக இராணுவத்தினராற் பிடித்துச் செல்லப்பட்டனர். செவன என்ற முகாமில் அவர்கள் வைக்கப்பட்டிருந்தனர். எவரும் திரும்பி வரவில்லை. அக்காலத்தில் தெற்கிலே ஒரு பையனைக் கிளர்ச்சிக்காரன் என்று விரல் நீட்டிக் காட்டுவதே போதும். காட்டிய விரல் யாருடையது என்பது வழக்கில் வெளிவந்தது. ஒரு காதற் கடிதத்தின் பேரில் அதிபரின் மகனுக்கும் சில மாணவர்களுக்கும் இடையே மூண்ட பகைதான் தொடக்கம். அதிபருக்கு முகாம் அதிகாரிகளோடு பழக்கம் இருந்தது. 1999இல் அவரும் இராணுவத்தினர் சிலரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். ஒன்பது ஆண்டுகள் அப்பெற்றோர் வாசல் வாசலாக அலைந்த பின்னர் வந்த தீர்ப்பு அது.

அந்த அதிபர் விதிவிலக்கான கொடியவர் என்று சொல்லி நாம் அப்பாற் செல்லலாம். ஆனால் அவர் கையிலிருந்த அதிகாரம் விதிவிலக்கானதன்று. வகுப்பில் எரிச்சலூட்டுகின்ற பிள்ளையின் பெயரை ஒரு தாளில் எழுதி மேலே அனுப்பும் வசதி எந்த ஆசிரியருக்குக் கிடைத்தாலும், அந்தத் தாளில் முதலிற் ஏறும் பெயர் ஓயாமற் கேள்வி கேட்கும் பிள்ளையினதாகவே இருக்கும். எமது பதினோராம் வகுப்பு வாயாடியின் பெயர் மாசிக்கு முன் அத்தாளில் ஏறியிருக்கும்; மாசிக்குப் பின், உண்மையில் ஆபத்து வந்த காலத்தில், அவன் நல்ல பிள்ளையாகத் தோன்றியிருப்பான்.

டென்மார்க்கின் இரண்டாவது பெரிய நகரமான ஆர்ஹூஸில் நடந்த ஒன்று இதனை வேறொரு விதத்திற் காட்டுகிறது. சோமாலியாவிலிருந்து வந்த குடும்பமொன்றின் மகன் வகுப்பிலே மதத்தைப் பற்றி எழுந்த விவாதத்திற் கோபங்கொண்டு கடுமொழி பேசினான். ஆசிரியர் முறையிட்டார்; பொலிஸார் வீட்டைச் சோதனையிட்டனர்; பையன் பரீட்சையைத் தவறவிட்டான். குற்றமில்லை என்று முடிந்தது. அதற்கிடையில் தாய் இறந்துவிட்டாள். அந்தச் சோதனையின் அதிர்ச்சியே தாயைக் கொன்றதென்று அவன் நம்பினான். பின்னர் அவனுக்கு ஆறுதலாகக் கிடைத்தது, ஓர் அறையில் கூடியிருந்து போர் முழக்கக் காணொளிகளைப் பார்க்கும் நண்பர் கூட்டமொன்று. புதுமை இதற்குப் பின்னர்தான் வருகிறது. அந்நகரத்துப் பொலிஸ் அதிகாரி ஒருவர் அவனைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். காப்பி குடிக்க வரச் சொன்னார். அவனுடைய மதத்தையே சார்ந்த, அந்நாட்டில் வாழ்ந்து நிலைத்த ஒருவரைத் துணையாக அறிமுகப்படுத்தினார். இருவரும் மாதக்கணக்கில் வாதாடினர். அவன் படிப்பை முடித்தான்.

2012, 2013ஆம் ஆண்டுகளில் அந்நகரிலிருந்து சிரியாப் போருக்கு ஏறத்தாழ முப்பது இளைஞர் சென்றனர். 2014இல் அத்தொகை ஒன்றாகக் குறைந்தது. இதற்கு அந்த அணுகுமுறை மட்டுமே காரணமென்று நாம் கூறோம். போரின் போக்கும் மாறியிருந்தது. மேலும், செல்வம் மிகுந்த அந்நாட்டில் திரும்பி வந்தவனுக்குக் கொடுக்க வீடும் வேலையும் பள்ளியிடமும் இருந்தன. கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத நாட்டில் காப்பியும் கனிவும் மட்டும் எவ்வளவு தூரம் போகும்? வேலையின்மையையும் இனப் பாகுபாட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் மனத்தை மட்டும் பழுது பார்க்கலாம் என்று வெளிநாட்டு நிதியில் நடத்தப்படும் கருத்தரங்குகளில் நமக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு பொலிஸ் அதிகாரி ஒரு பையனிடம் மன்னிப்புக் கேட்டார் என்ற செய்தி நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எமது நாட்டில் எந்தக் கிளர்ச்சிக்குப் பின்னும், எந்தப் பிள்ளையிடமும், எவர் அதைச் செய்தார்?

வாசகர் ஒரு நியாயமான கேள்வி கேட்கலாம். பிள்ளை ஒருவன் வெடிமருந்து சேர்க்கிறான் என்று தெரிந்தால், இன்ன நாளில் இன்னாரைக் கொல்லப்போகிறான் என்று தெரிந்தால், ஆசிரியர் மௌனமாக இருக்கலாமா? கூடாது. அப்போது பிறர் உயிர் முன்னே நிற்கிறது, சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அப்படிப்பட்ட நாள் ஓர் ஆசிரியரின் வாழ்வில் வராமலே போகலாம். நாள்தோறும் வருவது வேறு: கோபமான கட்டுரை, மேசையிற் கீறிய துப்பாக்கிப் படம், திடீரென்று நண்பர்களை விட்டு விலகுதல், படிப்பதால் என்ன பயன் என்ற கசப்பு. இவற்றுக்குரிய இடம் பொலிஸ் நிலையமன்று. பாடசாலை விட்ட பின் அரை மணி நேரம் வகுப்பறையிற் தங்குதல், வீட்டுக்குப் போய்த் தாயோடும் பாட்டனோடும் பேசுதல், அவன் மதிக்கும் ஒருவரை ஊரிலே தேடுதல் என்பன போதும். சிலவேளை போதாமலும் போகும். நமது மூத்த ஆசிரியர் இரண்டு பையன்களைப் பாடசாலை வாசிகசாலையின் பொறுப்பாளராக்கி ஓராண்டு முழுவதும் தம்மோடு வைத்திருந்தார். ஒருவன் இன்று மன்னாரில் நில அளவையாளராக இருக்கிறான். மற்றவன் போய்விட்டான்.

போய்த் திரும்பியவர்களின் அனுபவத்தை நாம் இன்னும் பயன்படுத்தவில்லை. 2009இல் போர் முடிந்த பின்னர் ஏறத்தாழ 12,000 பேர் அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாம்களினூடாக வெளிவந்தனர். அவர்கள் எமது கிராமங்களில் வெங்காயம் பயிரிடுகின்றனர், முச்சக்கரவண்டி ஓட்டுகின்றனர், செயற்கைக் காலோடு கடை வைத்திருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நம் அயலவர். தான் போனது சரியா பிழையா என்று ஊரார் கேட்பதை அவர் விரும்புவதில்லை. பதினாறு வயதில் தனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரிந்திருக்கவில்லை என்று எவராவது கேட்டால் ஒரு முழு இரவும் பேசுவார். அத்தகையவரை ஒரு பாடசாலை அழைத்து உயர்தர மாணவர் முன் பேச வைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. புலனாய்வுக்காரர் வாசலில் வந்து நிற்பார் என்று அதிபர்கள் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் ஆதாரமற்றதென்றும் சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற பின்னரும் நாம் அவ்வப்போது போய்வரும் பாடசாலை ஒன்றிலே மாணவர் ஆலோசனைக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். முன்பு அது விளையாட்டுப் பொருட்களின் களஞ்சியம். ஒரு மேசை, இரண்டு கதிரை, யன்னலுக்குத் திரை, எல்லாம் உண்டு. ஆலோசனைக்குப் பொறுப்பான ஆசிரியை பயிற்சி பெற்றவர். பிள்ளைகள் மேல் உண்மையான பரிவுடையவர். ஆனால் ஒழுக்காற்றுக் குழுவின் செயலாளரும் அவரே. பிரம்பும் முறைப்பாட்டுப் புத்தகமும் அதே அறை அலுமாரியில் இருக்கின்றன. கதவிலே தொங்கும் பலகையில் ஒழுக்காற்றுக் குழு என்பது பெரிய எழுத்திலும் ஆலோசனை என்பது அதன் கீழே சிறிய எழுத்திலும் எழுதப்பட்டுள்ளன. வாரத்துக்கு நாற்பது பாடவேளைகளில் முப்பத்திரண்டை அவர் கற்பித்துத் தீர்க்க வேண்டும். சென்ற தவணை முழுவதிலும் அவ்வறைக்குத் தாமாக வந்த மாணவர் மூவர் என்றார். இரு பொறுப்புகளையும் வெவ்வேறு ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்றும், முறைப்பாட்டுப் புத்தகத்தை அதிபரின் அறைக்கு மாற்ற வேண்டும் என்றும், அவருடைய பாடவேளைகளில் எட்டைக் குறைக்க வேண்டும் என்றும் பழைய மாணவர் சிலரோடு சேர்ந்து எழுத்தில் கேட்டிருக்கிறோம். பாடவேளை குறைப்பதற்கு வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டுமாம். பலகையை மாற்றுவதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று அதிபர் ஒப்புக்கொண்டார். இரண்டாந் தவணை தொடங்குமுன் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.